காது வலிக்கிறது, காதில் ஒன்றுமில்லை

(வண்டிப்பெரியாரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காது. காதைப் பற்றிப் பேச ஒரு பல் மருத்துவன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் ஒருவரல்லர், பலரைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். வயது முப்பத்தைந்து இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மூன்று மாதமாக வலக் காதில் வலி. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளே ஆழத்தில் ஒரு கடுப்பு. சில நாள் காது அடைத்தாற்போல் இருக்கிறது. இரவில் லயத்து வீடுகளில் சத்தம் அடங்கியதும் காதுக்குள் ஓர் இரைச்சல். சில சமயம் தலை கிறுகிறுக்கிறது.

அவர் என்ன செய்தார்? நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊற்றினார். குறையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சொட்டு மருந்தை விட்டார். குறையவில்லை. ஊக்கை எடுத்துக் குடைந்தார். வலி கூடியது. கடைசியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போனார். மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "காதில் ஒன்றும் இல்லையே அம்மா" என்றார். வீட்டுக்கு வந்தால் கணவர் சொல்கிறார்: "டாக்டரே ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. சும்மா நெனச்சு நெனச்சு வலிக்குதுங்கிற."

இதில் பொய் சொன்னது யார்? அந்தப் பெண்ணா? இல்லை. அவருக்கு வலிப்பது உண்மை. மருத்துவரா? அவரும் இல்லை. காது சுத்தமாக இருப்பதும் உண்மை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

இப்போது எல்லோரும் எனக்காக ஒன்று செய்யுங்கள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரலையும் காதுத் துளைக்கு ஒட்டினாற்போல் முன்பக்கம் வையுங்கள். வெட்கப்படாதீர்கள், முன்வரிசைப் பெரியவர்களும் வைக்கலாம். வாயை மெல்லத் திறங்கள். மூடுங்கள். இன்னொரு முறை. விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு முன்னால் நகர்ந்து மறுபடி குழிக்குள் இறங்குகிறதா? அதுதான் தாடை மூட்டு. நாம் பேசும்போது, தின்னும்போது, விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது எல்லாம் உழைக்கிற மூட்டு. முழங்கால் மூட்டை எல்லோருக்கும் தெரியும், தோள்மூட்டைத் தெரியும். இந்த மூட்டை மட்டும் அது கெடும்வரை யாருக்கும் தெரிவதில்லை. கெட்டபிறகும் தெரிவதில்லை, காது என்றே நினைத்துக்கொள்கிறோம்!

ஏன் அப்படி? காதுக்கும் தாடைக்கும் மூன்று உறவு உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் உறவு பிறப்பால் வந்தது. நம் நடுச்செவியில் மூன்று சின்ன எலும்புகள் இருப்பதைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. இவற்றில் முதல் இரண்டும், தாயின் வயிற்றில் சில வாரக் கருவாக நாம் இருக்கும்போது, தாடைக்கு அடிப்படையான அதே வளைவிலிருந்துதான் உருவாகின்றன. அங்கே ஓடும் குருத்தெலும்புக்கு மெக்கல் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞரின் பெயர். ரைஷர்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1837-லேயே இந்த உண்மையைக் கண்டு சொன்னார். சுவரில் ஓடுகிறதே பல்லி, அதன் தாடை மூட்டில் இருக்கிற எலும்புகள் எவையோ, அவற்றுக்கு இணையானவைதான் நம் காதுக்குள் இருக்கும் சுத்தியும் பட்டடையும். பல்லி கடிப்பதற்கு வைத்திருக்கும் எலும்பால் நாம் கேட்கிறோம்! 1962-ல் பின்டோ என்ற ஆய்வாளர், தாடை மூட்டுக்குள் இருக்கும் தட்டையும் காதின் சுத்தி எலும்பையும் இணைக்கும் ஒரு மெல்லிய இழையை விவரித்தார். எல்லாத் தொல்லையும் அந்த இழை வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

இரண்டாவது உறவு இடத்தால் வந்தது. தாடை மூட்டின் குழிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய எலும்புதான் காதுத் துளைக்கு முன்சுவர். இதை உங்களுக்கு விளக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. லயத்தில் வாழ்கிறவர்கள் நீங்கள். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். நள்ளிரவில் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால் நம் வீட்டில்தான் உருண்டது என்று திடுக்கிட்டு எழுகிறோம். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் நம் வீட்டில் ஒன்றும் இருக்காது. சத்தம் கேட்டது பொய்யா? பொய் இல்லை. வீடுதான் வேறு.

மூன்றாவது உறவு நரம்பால் வந்தது. மூன்றிலும் முக்கியமானது இதுதான். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகளில் ஐந்தாவது, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பு. அதன் மூன்றாவது கிளை மெல்லும் தசைகளை இயக்குகிறது. அதே கிளைதான் செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறு தசையையும் இயக்குகிறது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே ஒரு குழல் இருக்கிறது. அதைத் திறக்கும் தசைக்கும் அதே கிளைதான் கட்டளை கொடுக்கிறது. தாடை மூட்டின் வலியை எடுத்துச் செல்லும் இழை, காதின் முன்பக்கத்து வலியையும் செவிப்பறையில் ஒரு பகுதியின் வலியையும் எடுத்துச் செல்கிறது. மூட்டிலிருந்து வந்த செய்தியா, காதிலிருந்து வந்த செய்தியா என்று மூளைக்குச் சில நேரம் பிரித்தறிய முடிவதில்லை. காதில் வலி என்றே அது படித்துவிடுகிறது.

இந்த உறவுக்குச் சாட்சி வேண்டுமா? நீங்களே சாட்சி. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்குப் பேருந்து ஏறும்போது காது அடைக்கிறதா இல்லையா? முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறும்போது அடைக்கிறதா இல்லையா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்கும் பெண்களைக் கேளுங்கள். அடைத்த காதைத் திறக்க அவர்கள் என்ன செய்கிறார்கள்? எச்சிலை விழுங்குகிறார்கள். கொட்டாவி விடுகிறார்கள். வாயில் எதையாவது போட்டு மெல்லுகிறார்கள். வாயை அசைத்தால் காது திறக்கிறது! யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் மக்கள் கண்டுகொண்ட உண்மை இது. வாயை அசைத்தால் காதுக்கு நன்மை வரும் என்றால், வாயின் மூட்டு கெட்டால் காதுக்குத் தொல்லை வராதா?

வரும் என்று எழுதிக் காட்டியவர் ஒரு பல் மருத்துவர் அல்லர், காது மருத்துவர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஜேம்ஸ் காஸ்டன். 1934-ல் பதினோரு நோயாளிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். காது வலி, காது அடைப்பு, இரைச்சல், தலைசுற்றல். காதில் வைத்தியம் செய்து தீரவில்லை. தாடையைச் சரிசெய்தபோது குறைந்தது. பல நாடுகளில் நெடுங்காலம் இந்த நோய் அவர் பெயராலேயே வழங்கியது. கடைவாய்ப்பற்கள் விழுந்துபோவதால் தாடை பின்னால் சரிந்து நரம்பை அழுத்துகிறது என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் வந்த உடற்கூற்று அறிஞர்கள் அந்தக் காரணம் நிற்காது என்று காட்டினார்கள். காரணம் விழுந்தது, கண்ட காட்சி நின்றது. தொண்ணூறு ஆண்டு கழித்தும் நிற்கிறது.

சரி, நல்லாயிருந்த மூட்டு ஏன் கெடுகிறது? காரணம் ஒன்றல்ல, பல. அடிபடுவது ஒன்று. வாதநோய் ஒன்று. ஒரு பக்கத்துக் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கிடக்க, வைத்தியம் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில் மறுபக்கத்திலேயே மெல்லுவது ஒன்று. இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் இது மிகுதி. ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி.

இன்னொரு காரணம், பல்லைக் கடிப்பது. தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களும் உண்டு. பகலிலேயே தமக்குத் தெரியாமல் இறுக்கிக் கடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மனத்தில் சுமை ஏறினால் தாடை இறுகும். நம் பீர்மேடு தாலுகாவில் 2000-க்குப் பிறகு எத்தனை தோட்டம் பூட்டிக் கிடந்தது, எத்தனை குடும்பம் பி.எஃப். பணத்துக்கும் கிராஜுவிட்டிக்கும் காத்துக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவா? அடைமழைக் காலத்தில் முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடி, 140 அடி, 142 அடி என்று எண்ணைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்த இரவுகளை நான் சொல்லவா? அந்த இரவுகளில் உங்கள் தாடை என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது கவனித்தீர்களா? "பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கிட்டேன்" என்று சொல்கிறோமே, அதை உடம்பு அப்படியே செய்துகொண்டிருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் காது வலி காதிலிருந்து வருகிறதா, தாடையிலிருந்து வருகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மெல்லும்போது வலி கூடுகிறதா? கொட்டாவி விடும்போது சுருக்கென்கிறதா? காலையில் எழுந்ததும் தாடை விறைத்துக் கிடக்கிறதா? காதுக்கு முன்னால் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தத்தோடு வலியும் வருகிறதா? பல்லை இறுக்கிக் கடித்தால் காது இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா, தொனி மாறுகிறதா? இவற்றுக்கு ஆம் என்பது பதிலானால், தாடையைச் சந்தேகப்படுங்கள். சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் பயம் வேண்டாம். வலியில்லாத சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. கடைசியாக ஒரு சோதனை. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வையுங்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே மூன்று விரலும் நுழைகின்றனவா? நுழையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன்? வாய் திறக்காமல் போவதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. குளிருக்கு இதம் என்று வெற்றிலை போடுகிறோம். பசி தாங்கும் என்று போயிலை அதக்குகிறோம். களைப்புத் தெரியாது என்று பாக்குத்தூள் பாக்கெட்டைப் பிரித்து வாயில் கொட்டுகிறோம். பாக்கு வாயின் உட்தோலை நார் நாராக்கி இறுக்கிவிடும். முதலில் காரம் தாங்காது, வாய் எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைக்கும். பிறகு மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல், இரண்டு நுழைந்த வாயில் ஒன்று. அண்ணத்துத் தசை இறுகினால் காதுக் குழல் சரியாகத் திறக்காது. காது அடைக்கும், வலிக்கும். இதை மூட்டு நோய் என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். போயிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது.

இன்னும் ஒன்று. நாக்கின் அடியிலோ தொண்டையிலோ புற்று தொடங்கினால், சிலருக்கு முதலில் தெரிவது தொண்டை வலி அல்ல, காது வலி! அங்கேயும் நரம்பு உறவுதான்; நரம்பு மட்டும் வேறு. வெற்றிலை, போயிலை, பீடி, சாராயம் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கக் காதில் வலி வந்து, காது சுத்தமாக இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் தீரவில்லையென்றால், வாயையும் தொண்டையையும் முழுக்கப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விழுங்கச் சிரமம், குரல் கம்மல், கழுத்தில் கட்டி, ஆறாத வாய்ப்புண், இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பார்த்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நம் மாநிலத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. மருத்துவர் சங்கரநாராயணனும் அவரோடு சேர்ந்தவர்களும் அங்கே கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். கண்ணும் வெளிச்சமும்தான் கருவி. 2005-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் வரும் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. வாயைத் திறந்து காட்டினதற்குக் கிடைத்த பலன் அது!

வேறு சில எச்சரிக்கைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதில் சீழோ ரத்தமோ வந்தால் அது காதின் நோய். காது மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போங்கள். நாள் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே ஆண்டுக் கணக்கில் நிற்பவருக்கு வரும் இரைச்சல், சத்தத்தால் வந்ததாக இருக்கலாம். கேட்புச் சோதனை வேண்டும். மாடிப்படி ஏறும்போதோ மேடு ஏறும்போதோ தாடை வலித்து, நின்றால் குறைந்தால், அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். தாடை, காது என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

சரி, தாடை மூட்டுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? பெரும்பாலோருக்கு எளிய வைத்தியமே போதும். தாடைக்கு ஓய்வு கொடுங்கள். சில வாரம் கஞ்சி, குழைந்த சோறு, நன்றாக வெந்த கப்பைக் கிழங்கு. முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை, காய்ந்த இறைச்சி வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியால் காதுக்கு முன்னாலும் கன்னத்திலும் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையை முட்டுக் கொடுத்து, வாய் அகலத் திறக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். அப்படி மெல்ல முடியாமல் சொத்தைப்பல் தடுத்தால் முதலில் அந்தப் பல்லைப் பாருங்கள்.

இன்னொன்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உதடு ஒட்டியிருக்கலாம், பல் ஒட்டியிருக்கக் கூடாது! சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியதே இல்லை. கொழுந்து எடுக்கும்போது, சாக்கைத் தூக்கும்போது, அடுப்படியில் நிற்கும்போது, அவ்வப்போது உங்களையே கேளுங்கள்: பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேனா? இருந்தால் தாடையைத் தளர விடுங்கள். காசில்லாத வைத்தியம் இது.

இதனாலும் குறையாதவர்களுக்கு மருத்துவர் தாடைப் பயிற்சி சொல்லித் தருவார். சில நாளுக்கு மாத்திரை தருவார். தேவைப்பட்டால் இரவில் போடும் பல் தகடு தருவார். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே. பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை மூட்டு வலிக்குப் பயிற்சியையும், தாடையைத் தளர்த்தும் முறைகளையும், வலியைச் சமாளிக்கும் மனநல ஆலோசனையையுமே முன்னிறுத்தியது. மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பதை வேண்டாம் என்றது. அவசரப்பட்டு வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1980-களில் அங்கே பலருக்குத் தாடை மூட்டில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை வைத்தார்கள். அது துகள் துகளாக உதிர்ந்து எலும்பையே அரித்தது. 1990-களின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எனவே, யாராவது முதல் நாளே பல்லை ராவ வேண்டும், மூட்டை வெட்ட வேண்டும் என்றால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

காதில் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சூடான எண்ணெய் தோலைச் சுடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் எதுவும் வேண்டாம். குறும்பி தானாக வெளியே வரும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு சொல். வலியோடு வேலைக்குப் போவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். ஆண்களே, உங்களுக்கும் ஒரு சொல். காதில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னால், உன் வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. வலியின் வீடு வேறு என்றுதான் அதற்குப் பொருள். மனைவிக்குத் துணையாக அடுத்த மருத்துவரிடம் நீங்களும் போங்கள்.

எங்கே போவது? முதலில் இங்கேயே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேல்சிகிச்சைக்குக் கோட்டயத்தில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மலையிறங்கினால் தேனியில் க. விலக்கு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி, போனஸ், வீடு என்று கேட்கும்போது, ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் வாய்ப் பரிசோதனை முகாம் வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் போதும். பெரிய செலவு கிடையாது.

அடுத்த முறை காது வலி என்று மருத்துவரிடம் போகும்போது, காதை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். என் தாடையையும் தொட்டுப் பாருங்கள், என் பல்லையும் பாருங்கள், தொண்டையையும் பாருங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை, கேட்காமல் வந்தால்தான் நட்டம்.